கடற்படைக்குப் பொன்னாடை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். என் தொழிலுக்கு அது ஆகாது. நான் மொழிபெயர்த்துச் சொல்பவள். இங்கே நோர்வேயில் இருக்கும் எங்கள் ஈழத்து ஆட்கள் நோர்வேஜியச் சொல்லிலேயே ‘டொல்க்’ என்பார்கள். ஆஸ்பத்திரியில், நீதிமன்றத்தில், பள்ளிக்கூடத்தில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து, ஒருவர் சொல்வதை மற்றவரின் மொழியில் சொல்வேன். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நோயாளி “எனக்கு நெஞ்சு நோகுது” என்றால் நானும் “எனக்கு” என்றுதான் சொல்ல வேண்டும். “அவவுக்கு நெஞ்சு நோகுதாம்” என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது. இதனால் ஒரே நாளில் நான் பல பேராக இருப்பேன். காலையில் நீரிழிவுக்காரர், மத்தியானம் விவாகரத்துக் கேட்கும் பெண், பின்னேரம் அதே பெண்ணின் புருஷன். யாராக இருந்தாலும் முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. கோபத்தையெல்லாம் புருசெத்தில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சட்டி பானைகளில் காட்டுவேன். அவற்றில் நெளியாதது ஒன்று இருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால் பக்கத்துப் பகுதியான ஸ்டோவ்னரில் அந்தச் சனிக்கிழமை வந்த கோபம் சட்டி பானையோடு போகவில்லை. இன்னும் போகவில்லை.

அங்கே எங்கள் ஆட்கள் நடத்தும் சங்கம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் தமிழ் சொல்லிக்கொடுப்பார்கள், வருடத்தில் சில விழாக்கள் வைப்பார்கள். நல்ல காரியம்தான், என் பிள்ளைகளும் அங்கே படித்தவர்கள். அதன் தலைவருக்கு இரண்டு பலவீனங்கள். விழா என்றால் வெள்ளைக்காரர் ஒருவர் பிரதம விருந்தினராக வர வேண்டும். வந்தவருக்குப் பொன்னாடை போர்த்தி, அதைப் படம் பிடித்துப் போட வேண்டும். அந்தப் பகுதியில் உள்ள பல் வைத்தியரிலிருந்து நூலகக்காரி வரை எல்லோர் வீட்டு அலுமாரியிலும் எங்கள் சரிகைத் துணி ஒன்று கிடக்கும். என்ன செய்வது என்று தெரியாமல் மேசையில் விரித்திருப்பார்கள், பாவம்.

அந்த முறை விழாவின் தலைப்பு கடல். தலைவரின் மகளோடு வேலை செய்யும் ஒருவரின் தகப்பன் ஓய்வு பெற்ற கடற்படை அதிகாரி. கடலோடிகளின் நாடான நோர்வேயின் வரலாற்றில் கடற்படைக்கு என்ன பங்கு என்று பேச அவர் சம்மதித்துவிட்டார். அதைத் தமிழில் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். சங்கத்து வேலை, சம்பளம் தேநீரும் வடையும். நானும் ஓம் என்றேன்.

பிறகு தலைவர் தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னார். குரலில் அவ்வளவு திருப்தி.

“தங்கச்சி, பொன்னாடையை இந்தமுறை நாங்கள் போர்த்தேல்ல. கரைப்பக்கத்து ஆள் ஒண்டு போர்த்தினால் தலைப்புக்குப் பொருத்தமாயிருக்கும் எண்டு யோசிச்சம். ரொம்மனில இருக்கிற அக்காவைக் கேட்டிருக்கிறம். அவ கடல் குடும்பம்தானே.”

எனக்குக் காது சூடாகிவிட்டது.

அந்த அக்கா என் சொந்தம் இல்லை. ஆனால் இந்த ஊரில் அவவைவிட நெருங்கிய சொந்தம் எனக்கு இல்லை. ரொம்மனில் அடுக்குமாடி ஒன்றில் தனியாக இருக்கிறார், வயோதிபர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. யாழ்ப்பாணத்து வடகரையில் பிறந்தவர். அவருடைய புருஷன் கடல்தொழில் செய்தவர். யுத்த காலத்தில் ஒருநாள் விடியக் கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. கடற்படையின் அனுமதியோடு, கடற்படை காவல் நின்ற கடலுக்குத்தான் போனார். போனவர் போனவர்தான். அக்கா கைக்குழந்தையோடு சில காலம் காத்திருந்துவிட்டு, இங்கே இருந்த தம்பி கூப்பிட்டதால் இந்த நாட்டுக்கு வந்தார். அந்தக் குழந்தை இப்போது பேர்கனில் தாதியாக இருக்கிறாள்.

சங்கத்தில் அக்காவை எல்லோருக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருடங்களில் நான் அவரைக் குசினிக்குள்தான் கண்டிருக்கிறேன். தேநீர் ஊற்றுவார், பாத்திரம் கழுவுவார், கடைசியில் நிலத்தைத் துடைத்துவிட்டுப் போவார். குத்துவிளக்கு ஏற்ற ஒருநாளும் யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று யாரும் வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள். தோட்டக்காணி வைத்திருந்த ஊர்களின் ஆட்கள் மேடையில், கரையோரத்து ஆட்கள் குசினியில். கடலைக் கடந்து, பனிக்குள் வந்து, பிள்ளைகளை டொக்டராக்கியும் இந்த ஒழுங்கு மட்டும் கசங்காமல் பெட்டிக்குள் வந்திருக்கிறது. நானும் காணிக்காரர் வீட்டுப் பிள்ளைதான். அதனால் அந்த மௌனம் எப்படி வேலை செய்யும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அக்காவைப் பற்றி ஒரு பகிடியும் உலாவியது. வெளிநாட்டுக்கு வரும்போது வீட்டுக் கதவைப் பூட்டாமல் வந்துவிட்டாராம். திறப்பு கையில் இருந்தும் பூட்டவில்லையாம். போன கையோடு கூரை ஓடுகளும் மரங்களும் களவு போயினவாம். “கொழும்புக்குப் போற அவசரத்தில மறந்துபோனா” என்று சிலர், “அவவுக்கு அப்ப மண்டை சரியில்லை” என்று சிலர். சங்கத்தில் யாராவது மண்டபத்தின் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டால், “நீயும் ரொம்மன் அக்கா மாதிரியோ” என்று சிரிப்பார்கள். அக்கா இருக்கும்போதே சிரிப்பார்கள். அவவும் சிரித்துவிட்டுப் போவார்.

இப்போது அதே அக்கா கடற்படை அதிகாரிக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். தலைப்புக்குப் பொருத்தமாக இருக்குமாம். அந்தக் குழுவில் இருந்த ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. கெட்ட மனிதர்களும் இல்லை. அதுதான் என்னை இன்னும் எரிய வைத்தது. ‘கடல்’ என்ற தலைப்பைப் பார்த்தார்கள், கரையோரத்து மனுசி ஒருத்தியைத் தேடினார்கள், அவளுடைய கடலில் என்ன நடந்தது என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

நான் உடனே அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். “ஏலாது எண்டு சொல்லுங்கோ, அக்கா. நான் தலைவரோட கதைக்கிறன்.”

“ஏன் பிள்ளை ஏலாது? நான் போர்த்துறன் எண்டு சொல்லிப்போட்டன்.”

“கடற்படைக்காரருக்கோ?”

“இவை வேற, அவை வேற. எனக்குத் தெரியாதே? எனக்கு அவரிட்ட ஒரு கேள்வி கேக்கவேணும். தலைவரிட்டச் சொன்னனான். கேக்க விட்டால் போர்த்துறன் எண்டு. அவர் ஓம் எண்டவர். நீர்தானே டொல்க். நான் கேக்கிறதை அப்பிடியே சொல்லுவீரோ?”

“ஒரு சொல்லும் கூட்டமாட்டன், ஒரு சொல்லும் குறைக்கமாட்டன்” என்றேன். ஒவ்வொரு வேலையின் தொடக்கத்திலும் நான் சொல்லும் வசனம் அது. அன்றைக்குத்தான் அதைச் சொல்லும்போது பயம் வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்டோவ்னரில் இறங்கி, வணிக வளாகத்தைக் கடந்து மண்டபத்துக்குப் போனேன். நடைபாதையில் ஐஸ் கட்டி, மேலே கல் தூவியிருந்தார்கள். அக்கா குசினியில்தான் இருந்தார். நல்ல சேலை கட்டி, அதன் மேல் ஏப்ரன் போட்டு, கேத்தலில் தேயிலை போட்டுக்கொண்டிருந்தார். மேடைக்கு ஏற வேண்டிய நாளிலும் தேநீர் வேலையிலிருந்து அவரை விடவில்லை.

தலைவர் என்னைக் கதவடியில் மறித்தார்.

“தங்கச்சி, அக்கா ஏதோ கேள்வி எண்டு சொல்லுறா. உது வேண்டாம். அந்த மனிசன் நல்ல மனசோட வாறவர். நகரசபையில இருந்தும் ஆக்கள் வந்திருக்கினம். எங்கட பழைய கதையளை இஞ்சை கொட்டினால் நிகழ்ச்சி கெட்டுப்போம்.”

“நீங்கள் ஓம் எண்டு சொன்னனீங்கள்தானே.”

“சொன்னனான். அப்ப சொல்லாட்டி அவ வந்திருப்பாவோ? நேரம் போட்டுது எண்டு சமாளிப்பம். நீரும் கொஞ்சம் ஒத்துழையும்.”

மிகச் சாதாரணமாகச் சொன்னார். ஒரு பெண்ணிடம் வாக்குக் கொடுப்பதும், அது காரியம் முடியும் வரைக்கும்தான் என்பதும் அவருக்கு நிர்வாகத் திறமை. முகத்தில் ஒன்றும் தெரியாமல் நிற்கும் பழக்கம் அப்போது உதவியது. உள்ளே சட்டி பானைகள் உருண்டன.

விருந்தினர் நேரத்துக்கு வந்தார். உயரமான மனிதர், தலை முழுவதும் நரை, மார்பில் சின்னதாக ஒரு சின்னம் குத்திய கறுப்புக் கோட். வந்ததும் என்னிடம், “நான் வேகமாகப் பேசினால் கையைக் காட்டுங்கள்” என்றார். அந்த ஒரு பேச்சிலேயே அவரைப் பிடித்துப்போனது. என்னை மனிதராக நினைக்கும் பேச்சாளர்கள் குறைவு. பிடித்துப்போனதற்காகவும் எனக்குக் கோபம் வந்தது.

அவர் பேசினார், நான் சொன்னேன். முதலில் பழைய காலம். நோர்வேயை ஆண்ட அரசன் அப்போது டென்மார்க்கில் இருந்தான். போருக்கு ஆள் வேண்டும். மலைநாட்டு விவசாயிக்குக் கப்பல் தெரியாது. கரையோரத்து மீனவனுக்குத் தெரியும். அதனால் கரையோரம் முழுவதும் கடலறிந்த ஆண்களின் பெயர்களைக் கடற்படை எழுதி வைத்துக்கொண்டது. கூப்பிட்டால் போக வேண்டும். அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக் கப்பலில் ஏறவும் முடியாது. போனவர்களில் பலர் திரும்பவில்லை. பிள்ளைக்குத் தகப்பன் பெயர் மட்டும் மிஞ்சிய வீடுகள் அந்தக் கரையில் நிறைய இருந்தன என்று அவர் சொன்னபோது, நான் குசினிப் பக்கம் பார்த்தேன். அக்கா கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தலையை மெல்ல ஆட்டினார். தெரிந்த ஊர்க் கதையைக் கேட்பவர் ஆட்டுவது போல.

பிறகு கதை மாறியது. நாடு தன் காலில் நின்றது. கடலை அளந்து வரைபடம் போட்டவர்களில் கடற்படைக்காரர் பலர். வெளிச்சவீடுகளை நிர்வகித்தவர்களிலும், துறைமுகத்துக்குள் கப்பலை வழிகாட்டிக் கொண்டுவருபவர்களுக்குச் சட்டம் வகுத்தவர்களிலும் அவர்கள் இருந்தார்கள். உலகப் போரில் சரக்குக் கப்பல்காரர்கள் பட்டதையும், திரும்பி வந்தபோது அவர்களை நாடு சரியாகக் கவனிக்காததையும் மறைக்காமல் சொன்னார். கடைசியாக, இன்று வடக்குக் கடலில் மீன்பிடிப் படகுகளுக்கு நடுவில் காவல் கப்பல்கள் நிற்பதைப் படத்தில் காட்டினார். படத்தைத் திரையில் மாற்றிக்கொண்டிருந்தவர் தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்த பொறியியலாளர்; நாகப்பட்டினத்துக்காரர். அந்தப் படத்தில் அவர் கொஞ்சம் கூடுதலாக நிறுத்தினார் என்று எனக்குப் பட்டது.

அப்போதுதான் அந்த வசனம் வந்தது. நான் அதைத் தமிழில் இப்படிச் சொன்னேன்: “கடற்படை எண்டால் சண்டை எண்டுதான் எல்லாரும் நினைக்கினம். நான் சேவையில இருந்த காலம் முழுக்க எனக்குச் சொல்லித் தந்தது வேற. கடலுக்குப் போன ஆள் வீட்டுக்குத் திரும்பி வரவேணும். அதைப் பாக்கிறதுதான் எங்கட முதல் வேலை.”

மண்டபம் கை தட்டியது. தலைவர் எல்லோரையும்விட உரக்கத் தட்டினார். எங்கள் ஆட்கள்தான், ஊரில் கடற்படை என்ற சொல்லைக் கேட்டதும் பதுங்குகுழியைத் தேடியவர்கள்தான். நாகரிகமாக, சிரித்த முகத்தோடு தட்டினார்கள். என் வாயிலிருந்து வந்த சொற்களுக்குத்தான் தட்டினார்கள்.

கடலை ஆள்பவர்கள் எல்லோரும் ஒரே வேலையைத்தான் முதலில் செய்கிறார்கள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. கடலுக்குப் போகிறவனின் பெயரை வாங்கிக்கொள்கிறார்கள். இந்த நாட்டிலும் அப்படித்தான் தொடங்கியிருக்கிறது. வித்தியாசம் அதற்குப் பிறகுதான். பெயரை வாங்கியவனுக்கு, அந்தப் பெயர்க்காரனுக்கு என்ன ஆயிற்று என்று பதில் சொல்லும் கடமையும் சேர்ந்து வந்ததா, இல்லையா? இங்கே அந்தக் கடமை வந்து சேரப் பல தலைமுறை எடுத்திருக்கிறது. எங்கள் கடலில் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

கைதட்டல் அடங்க முன்பே தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். நேரம் போதாமையால் கேள்விகளுக்கு இடமில்லை, வருந்துகிறோம், இப்போது பொன்னாடை. சொன்னபடியே சமாளித்தார். தட்டில் வைத்த பொன்னாடையோடு அக்காவை மேடைக்குக் கூட்டி வந்தார்கள். ஏப்ரனைக் கழற்றியிருந்தார். சேலையில் தேநீர்க் கறை ஒன்று இருந்தது.

விருந்தினருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. நான் காதோடு சொன்னேன். அவர் எழுந்து, உயரம் காரணமாக நன்றாகக் குனிந்து, தோளைக் கொடுத்தார். கைப்பேசிகள் எல்லாம் மேலே எழுந்தன. அக்கா பொன்னாடையை விரித்தார். விரித்துப் பிடித்தபடி நின்றார். போர்த்தவில்லை.

மண்டபத்தில் முதலில் சின்னச் சிரிப்பு வந்தது, அக்காவுக்குக் கூச்சம் என்று நினைத்திருப்பார்கள். பிறகு சிரிப்பு நின்றது. விருந்தினர் குனிந்தபடி நின்றார். படம் பிடிப்பவர்களின் கை தாழ்ந்தது. பொன்னாடை விழாமல் நிகழ்ச்சி அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. எங்கள் விழாக்களின் சட்டம் அது. அக்கா அத்தனை வருடமும் குசினிக் கதவால் பார்த்து அதை அறிந்து வைத்திருக்கிறார்.

“எனக்கு ஒரு கேள்வி இருக்கு” என்றார்.

நான் அதை நோர்வேஜியனில் சொன்னேன். விருந்தினர் நிமிர்ந்தார்.

தலைவர் சிரித்த முகத்தோடு என் பக்கம் சாய்ந்தார். “ஆசீர்வாதம் சொல்லுறா எண்டு சொல்லிவிடும். பிறகு பாப்பம்.”

எங்கள் தொழிலில் இன்னொரு விதி இருக்கிறது. அறையில் காதில் விழும் எதையும் விடக் கூடாது. நான் விருந்தினரைப் பார்த்துக் கணீரென்று நோர்வேஜியனில் சொன்னேன்: “அவர் ஆசீர்வதிக்கிறார் என்று சொல்லிவிடுங்கள், பிறகு பார்ப்போம்.” சொல்லிவிட்டு, இது அமைப்பின் தலைவர் பேசியது என்று கையால் காட்டினேன். முன்வரிசையில் இருந்த நகரசபைக்காரர்கள் தலைவரைப் பார்த்தார்கள். அவர் முகம் வெளிறியது. அந்த ஒரு நொடி எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைக்க மாட்டேன்.

“கேட்கட்டும்” என்றார் விருந்தினர்.

நாகப்பட்டினத்துக்காரர் கணினியை விட்டு எழுந்து வந்து, தலைவரின் கையிலிருந்த ஒலிவாங்கியைப் பக்குவமாக வாங்கினார். “அவங்க கேக்கட்டும் சார். எங்க ஊர்க் கரையிலயும் இதே கேள்வி இருக்கு” என்றார். அக்காவின் இரண்டு கையிலும் பொன்னாடை இருந்ததால், அவரே அதை அக்காவின் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அக்கா பேசினார். வசனத்துக்கு வசனம் நிறுத்தினார், எனக்கு வசதியாக இருக்க வேண்டும் என்று.

“என்ர மனிசன் கடல்தொழில் செய்தவர். எங்கட கடலில, தொழிலுக்குப் போறவை தங்கட அடையாள அட்டையைக் கரையில நிக்கிற கடற்படையிட்டக் குடுக்கவேணும். அவை ஒரு கடதாசித் துண்டு தருவினம். திரும்பி வந்து துண்டைக் குடுத்தால் அட்டையைத் தருவினம். அண்டைக்கும் அவர் அட்டையைக் குடுத்திட்டுத்தான் போனவர். வரேல்ல.”

நான் சொன்னேன். என் கணவர் கடல்தொழில் செய்தவர், என்று. அவர் திரும்பி வரவில்லை, என்று. என் தொழிலில் எத்தனையோ பேரின் புருஷன்மாரை ‘என் கணவர்’ என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் நாக்கு தடுமாறியது.

“நான் அவையிட்டப் போய்க் கேட்டனான். ‘துண்டைக் கொண்டு வா, அட்டையைத் தாறம்’ எண்டவை. துண்டு அவரிட்ட. அவர் கடலில. மற்ற நாளும் போனனான். அதையேதான் சொன்னவை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனனான். அதுக்கும் அதுதான் பதில்.”

ஊரில் இப்படியெல்லாம் நடந்தது தெரியாதவர்கள் அந்த மண்டபத்தில் இல்லை. ஆனால் அக்காவின் துண்டின் கதையை அவர்கள் கேட்பது அதுதான் முதல் தடவை, எனக்கும்தான். கதவு பூட்டாத பகிடி மட்டும் எல்லோருக்கும் பாடம்.

“என்ர கேள்வி இதுதான். உங்கட நாட்டில, கடற்படைக்குத் தெரிஞ்சு கடலுக்குப் போன ஆள் வரேல்ல எண்டால், மனிசி ஆரிட்டப் போய்க் கேக்கவேணும்? எனக்குச் சண்டை பிடிக்கிற எண்ணமில்லை. அப்பிடிக் கேக்க ஒரு இடம் எண்டு உலகத்தில எங்கையாவது இருக்கோ எண்டு தெரிய விருப்பம்.”

நான் சொல்லி முடித்தேன். அதிகாரி என்னைப் பார்க்கவில்லை. நல்ல பேச்சாளர்கள் டொல்க்கைப் பார்க்க மாட்டார்கள், கேட்டவரைத்தான் பார்ப்பார்கள். அக்காவைப் பார்த்தார். பிறகு சின்னக் குரலில் இரண்டு வசனம் சொன்னார்.

அதை நான் தமிழில் சொல்ல வேண்டும். தண்ணீர் குடித்தேன். பிறகு சொன்னேன்.

“நீங்கள் ஒருத்தரிட்டையும் போய்க் கேக்கத் தேவையில்லை. நாங்கள் உங்கட வாசலுக்கு வந்து சொல்லுவம்.”

அக்கா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். அவர் மறுபடி குனிந்தார். அக்கா எட்டி, பொன்னாடையை அவருடைய தோளில் போர்த்தினார். போர்த்தி, இரண்டு நுனியையும் சரி பார்த்து விட்டார். அந்த மனிதர் குனிந்தவர் நிமிர நேரம் எடுத்தார். யாரோ கை தட்டத் தொடங்கினார்கள், யாரும் சேராததால் அதுவும் நின்றுவிட்டது. ஒருவரும் படம் எடுக்கவில்லை. தலைவருக்கு அந்த விழாவிலிருந்து போட ஒரு படம் இல்லாமல் போயிற்று.

நான் எதிர்பார்த்தது வேறு. அக்கா பொன்னாடையைக் கதிரையில் எறிந்துவிட்டு இறங்கிப் போவார் என்று நினைத்தேன். என் கோபத்துக்கு அது தேவைப்பட்டது. விழா முடிந்து ரொம்மன் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது கேட்டே விட்டேன். ரயிலில் ஒரு தரிப்புத் தூரம்தான், அக்கா எப்போதும் நடந்துதான் போவார்.

“ஏன் அக்கா போர்த்தினனீங்கள்?”

“கேட்டதுக்குப் பதில் சொன்ன ஆளுக்குப் போர்த்தினனான்.” வழுக்காமல் இருக்க என் கையைப் பிடித்திருந்தார். கொஞ்சத் தூரம் போனதும் நின்றார். “பிள்ளை, நீர் சொன்னது அவர் சொன்னதுதானோ? எனக்காக நீர் ஒண்டும் கூட்டிச் சொல்லேல்லத்தானே?”

“ஒரு சொல்லும் கூட்டேல்ல அக்கா.”

“வாசலுக்கு வந்து எண்டு சொன்னவர்?”

“வாசலுக்கு வந்து எண்டுதான் சொன்னவர்.”

அவர் தலையாட்டினார். எனக்கு உள்ளே பற்றி எரிந்தது. தலைவர் மீது, கைதட்டியவர்கள் மீது, நல்ல பதில் சொன்ன அந்த நல்ல மனிதர் மீதும். அவருக்கு என்ன, தன் நாட்டின் வழக்கத்தைச் சொன்னார். இரண்டே வசனம். இந்த மனுசி அதை இனி எவ்வளவு காலம் சுமக்கப் போகிறாள்? தன் வாசலுக்கு யாராவது வந்திருப்பார்களோ, தான் இல்லாமல் திரும்பிப் போயிருப்பார்களோ என்று இரவெல்லாம் நினைக்கப் போகிறாள். அந்தச் சொற்களைத் தமிழில் கொண்டுவந்து அவள் கையில் வைத்தவள் நான். அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அன்று முழுவதும் மற்றவர்களின் பேச்சைப் பேசிய நான், அக்காவின் கட்டட வாசலில் வைத்து என் சொந்தப் பேச்சைப் பேசினேன்.

“உங்கட வாசலுக்கு ஒருத்தரும் வந்திருக்க மாட்டினம் அக்கா. எங்கட கடலில நிண்டவை அப்பிடி வாற ஆக்கள் இல்லை. நீங்கள் அதை யோசிக்கக் கூடாது.”

அக்கா திறப்பைத் தேடிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அத்தனை வருடப் பழக்கத்தில் அவர் முகத்தில் நான் கோபத்தைக் கண்டதில்லை. அன்றைக்குக் கண்டேன். என்னுடைய கோபம் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது.

“வரமாட்டினம் எண்டு எனக்குத் தெரியாதெண்டோ நினைக்கிறீர்?” என்றார். “தெரிஞ்சுதான் பிள்ளை, நான் கதவைப் பூட்டாமல் வந்தனான். ‘வந்தனாங்கள், வீடு பூட்டிக் கிடந்தது, அதால சொல்லேல்ல’ எண்டு அவங்களில ஒருத்தனும் சாட்டுச் சொல்லக்கூடாது.”